நடுங்கும் கரமும் நம் கடமையும்

 

 

சரக்கு வாங்கும்போது நாம் எவ்வளவு விழிப்பாக இருக்கிறோம்! அரிசி மூட்டையில் குத்தூசி விட்டு நாலு மணி எடுத்துக் கடித்துப் பார்க்கிறோம். ஏலக்காயை உரித்து மோந்து பார்க்கிறோம். துணிக் கட்டைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறோம். ஆனால் நம்மிடம் பல ஆண்டுகளாக உழைக்கும் ஒரு மனிதரை ஒரு நாளாவது அவ்வாறு ஊன்றிப் பார்த்திருக்கிறோமா? இதைப் பிறரிடம் கேட்கும் முன்னே நம்மிடமே கேட்டுக்கொள்ளும்படி நேர்ந்துவிட்டது. அதனாலேயே இதை எழுத முற்பட்டோம்.

செனாயில் நமது மளிகைக் கடையின் பெட்டியடியில் ஒருவர் இருந்தார். இராமநாதபுரம் பக்கத்தவர், தொழுகையாளி, கணக்கில் ஒரு காசு பிசகாதவர். பெயர் வேண்டாம். அவரைப் பற்றி வந்த முதற் புகார், அவர் சிரிப்பதில்லை என்பது. வாடிக்கைக்காரர்களுக்கு முகங்கொடுத்துப் பேசுவதில்லை, கர்வம் வந்துவிட்டது என்றார்கள். அடுத்து, சில்லறை எண்ணித் தர நேரமாகிறது என்றார்கள். பிறகு அவர் குரல் தாழ்ந்துவிட்டது. ஒன்றை இரண்டு முறை கேட்கவேண்டியதாயிற்று. கடைசியில், வேலையின்றி மேசைமேல் கை கிடக்கும் வேளையில், வலக்கை விரல்கள் மாத்திரை உருட்டுவது போலத் தாமாகவே ஆடத் தொடங்கின.

குடிக்கிறார் போலிருக்கிறது என்று ஒருவர் நம் காதில் ஓதினார். நாம் மறுக்கவில்லை. ஐவேளையும் நம் பக்கத்தில் நின்று தொழுத மனிதரைப் பற்றி அப்படி ஒரு சொல் வந்தபோது வாய் திறவாதிருந்தோமே, அதுவே நம்முடைய முதற் குற்றம். செய்வினை என்றார் இன்னொருவர். தாவீசு கட்டச் சொன்னார்கள். பாவம், அதையும் கட்டிக்கொண்டார். மருத்துவரிடம் அழைத்துப் போகவேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. முடிவில் கணக்குத் தீர்த்து, பயணச் சீட்டும் எடுத்து, மேற்கொண்டு ஒரு மாதச் சம்பளமும் கையில் வைத்து ஊருக்கு அனுப்பினோம். மிக நல்லபடியாக நடந்துகொண்டோம் என்றே எண்ணியிருந்தோம்.

ஓராண்டு கழித்து அவருடைய மகன் தொலைபேசியில் பேசினார். மதுரையில் நரம்பு வைத்தியர் ஒருவர் பார்த்து, இது நடுக்குவாதம், பார்க்கின்சன் நோய் என்பார்கள் என்று சொல்லி மாத்திரை கொடுத்தாராம். சில வாரங்களில் நடை சீராகி, கையும் ஓரளவு அடங்கிற்றாம். இப்போது உறவினர் கடையில் காலை வேளையில் அமர்ந்து கணக்கு எழுதுகிறாராம். அதாவது, எந்த வேலைக்கு அவர் ஆகமாட்டார் என்று நாம் அனுப்பிவிட்டோமோ, அதே வேலையை அங்கே செய்துகொண்டிருக்கிறார்!

அன்றிரவு பழைய சம்பள ஏடுகளை எடுத்துப் புரட்டினோம். மாதந்தோறும் அவர் இட்ட கையொப்பம் அதில் இருக்கிறது. முதல் ஏட்டில் கோட்டுக்கு மேலும் கீழும் தாராளமாக ஓடும் எழுத்து. அடுத்த ஏட்டில் சற்றுச் சிறுத்திருக்கிறது. கடைசி ஏட்டில் எறும்பு ஊர்ந்தது போல் இருக்கிறது. தொடக்கத்தில் ஓரளவு தெரிந்து, முடிவில் தேய்ந்தே போகிறது. எழுத்து இவ்வாறு சிறுத்துக்கொண்டே போவது இந்நோயின் அடையாளங்களுள் ஒன்று என்பதை அதன் பின்னர்தான் அறிந்தோம். சாட்சி நம் பெட்டிக்குள்ளேயே மூன்றாண்டுகளாக இருந்தது. மாதம் ஒருமுறை அதைத் திறந்து, தொகையை மட்டும் பார்த்து மூடிவைத்தோம்.

சகோதரர்களே! இந்த நோய் புதியதன்று. நம் மார்க்க உலகின் பெரும் வைத்தியரான இப்னு சீனா தமது கானூன் நூலில் நரம்பு நோய்களிடையே நடுக்கத்தையும் எடுத்து ஆராய்ந்திருக்கிறார். நம் நாட்டு வைத்தியர்கள் இதைக் கம்பவாதம் என்று அறிந்திருந்தார்கள். 1817-ஆம் ஆண்டில் லண்டன் வைத்தியரான ஜேம்ஸ் பார்க்கின்சன் இதைத் தனி நோயாக வகுத்து ஒரு சிறு நூல் எழுதினார். அவர் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. மூளையின் நடுப்பகுதியில் கருநிறமான ஓரிடம் உண்டு. அங்குள்ள உயிரணுக்கள் டோபமின் என்னும் ஒரு பொருளைச் சுரக்கின்றன. உடலை நினைத்தபடி தடையின்றி அசைப்பதற்கு அது இன்றியமையாதது. அந்த உயிரணுக்கள் சிறுகச் சிறுக அழிந்து, வெளியே அடையாளம் தெரிவதற்குள் பெரும்பகுதி போய்விடுகிறது. நோயாளியின் நடத்தைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஜின்னும் இல்லை, செய்வினையும் இல்லை, தொற்றும் நோயுமன்று.

நடுக்கம் ஒன்றே இதன் அடையாளம் என்று நினைத்துவிடக் கூடாது. நடுக்கமே இல்லாமலும் சிலருக்கு இது வருவதுண்டு. நம் கடைகளில் நாம் காணக்கூடியவற்றைச் சொல்கிறோம். சமையற்காரருக்கு மணம் தெரியாமற் போகும். தாளிப்புக் கருகுவது பக்கத்திலிருப்பவர் சொல்லித்தான் தெரியும். நடக்கும்போது ஒரு கை வீசாமல் உடம்போடு ஒட்டிக்கிடக்கும். சட்டைப் பித்தான் போட நேரமாகும். வாசற்படி வந்ததும் கால் தரையில் ஒட்டினாற்போல் நின்றுவிடும். முகத்துத் தசைகள் இறுகுவதால் முகத்தில் சிரிப்பும் தெரியாது, வருத்தமும் தெரியாது. சகோதரனைப் பார்த்து மலர்ந்த முகம் காட்டுவதும் தர்மம் என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தர்மத்தைச் செய்ய மனமிருந்தும் முகம் இடங்கொடாத ஒருவரைக் கர்வி என்று பேசினோமே! எல்லா நடுக்கமும் நடுக்குவாதமும் அன்று. கோப்பையைத் தூக்கும்போது மட்டும் கை ஆடுவது வேறொரு வகை. தைராய்டுக் கோளாறினாலும், சில மருந்துகளாலும் கூடக் கை நடுங்கும். எது எது என்று பிரித்தறிவது வைத்தியர் வேலை. பெட்டியடியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று.

செய்வினை, பேய் என்ற எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நாம் தூரத்து உதாரணம் தேடவேண்டியதில்லை. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள், நம்மில் பலருக்குச் சொந்த மாவட்டமான இராமநாதபுரத்தில், ஏர்வாடி தர்காவை அடுத்திருந்த தனியார் மனநல விடுதி ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டுண்டு கிடந்த நோயாளிகள் ஓட முடியாமல், 28 பேர் மாண்டார்கள். அது மனநோய், இது வேறு நோய். ஆயினும் நோயாளியை வைத்தியரிடம் கொண்டுபோகாமல் வேறெங்கோ கொண்டுபோகும் பழக்கம் இரண்டுக்கும் பொதுவானது. துஆ கேட்கவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சிகிச்சை செய்துகொள்ளலாமா என்று நாட்டுப்புறத்து அரபிகள் வந்து கேட்டபோது, செய்துகொள்ளுங்கள் என்றும், முதுமை ஒன்றைத் தவிர மற்றெந்த நோயையும் இறைவன் அதற்குரிய நிவாரணம் இல்லாமல் இறக்கவில்லை என்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் விடை கூறினார்கள். ஆகவே வைத்தியரிடம் போவதும் அவர்களின் வழிமுறையே.

இந்த நோய்க்கான மருந்தின் வரலாற்றில் நம்மவர்க்கு ஒரு பங்கு உண்டு என்பதைப் பலர் அறியார். நாட்டு மருந்துக் கடை வைத்திருப்பவர்கள் பூனைக்காலி விதையை நன்கு அறிவீர்கள். 1937-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், இராமசாமி என்ற இரு விஞ்ஞானிகள் அந்த விதையிலிருந்து லெவோடோபா என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு முன்பே 1913-இல் ஐரோப்பாவில் ஒருவகை அவரையிலிருந்து அது எடுக்கப்பட்டிருந்தது. ஆனால் அது எந்த நோய்க்கு ஆகும் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. 1957-இல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி அர்விட் கார்ல்சன், சர்ப்பகந்தா வேரிலிருந்து வந்த ரெசர்ப்பின் மருந்தைக் கொடுத்து அசைவற்றுப்போன முயல்களுக்கு இந்த லெவோடோபாவைச் செலுத்தினார்; அவை எழுந்து நடமாடின. 1960-இல் வியன்னாவில் ஹார்னிகீவிச் என்பார், இந்நோயால் இறந்தவர்களின் மூளையில் டோபமின் வற்றியிருப்பதைக் கண்டார். 1967-இல் நியூயார்க்கில் கோட்சியாஸ் என்னும் வைத்தியர், சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றிக் கொடுத்து, முடங்கிக் கிடந்தவர்களை நடக்க வைத்தார். இன்று வரை முதல்தரமான மருந்து அதுவே. சினமெட், மடோபார் என்ற பெயர்களில், வேறொரு துணைமருந்தும் சேர்த்து மாத்திரையாகக் கிடைக்கிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் பூனைக்காலிப் பொடியை அள்ளிக் கொடுத்துவிடவேண்டாம். விதைக்கு விதை சத்து மாறும். மாத்திரையோடு பொடியும் சேர்ந்தால் அளவு மீறிப்போகும். வாடிக்கைக்காரர் நடுக்கத்துக்கென்று கேட்டு வந்தால், முதலில் வைத்தியரைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்புவதே அந்த வியாபாரத்தின் நாணயம்.

இந்த மருந்து நோயை வேரோடு களைவதில்லை; வற்றிய பொருளை ஈடுசெய்கிறது. ஆகையால் நேரந்தவறாமல் கொடுக்கவேண்டும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை, சிலருக்கு அதற்கும் மேல். வேளை தவறினால், சற்று முன்வரை நன்றாக வேலை செய்துகொண்டிருந்தவர் அப்படியே இறுகிப்போவார். பார்ப்பவர்களுக்கு நடிப்பது போலத் தோன்றும், நடிப்பன்று. இறைச்சி, முட்டை, பருப்பு போன்ற புரதம் மிகுந்த உணவோடு சேர்த்து விழுங்கினால் மருந்து சரியாக உட்செல்லாது. பொதுவாகச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னே கொடுக்கச் சொல்வார்கள். சுகமாகிவிட்டதென்று திடீரென நிறுத்துவது பேராபத்து. மருந்தோடு உடற்பயிற்சியும் வேண்டும். நடப்பதும், கைகால்களை வீசிப் பழகுவதும், உரக்கப் பேசிப் பழகுவதும் சிகிச்சையின் பகுதிகளே. பல ஆண்டுகள் சென்று மருந்தின் பலன் ஏறி இறங்கத் தொடங்கினால், மூளைக்குள் மெல்லிய மின்கம்பி செலுத்தும் அறுவை சிகிச்சையும் தகுதியுள்ளவர்களுக்குச் செய்யப்படுகிறது. மலேசியாவிலும் அது உண்டு. திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்திலும் உண்டு.

இனி, வேலை விஷயம். திருமறையின் எண்பதாவது அத்தியாயம் இறங்கிய வரலாற்றை அறியாதவர் நம்மில் இல்லை. பார்வையிழந்த அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள், குறைஷித் தலைவர்களோடு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பேசிக்கொண்டிருந்த வேளையில் வந்தார்கள். பெருமானாரின் முகம் சற்றே சுருங்கிற்று. இறைவன் அதைச் சுட்டிக்காட்டினான். இந்தப் பகுதியைப் பலமுறை கேட்டிருக்கிறோம். அதன் பின்னர் நடந்ததை அவ்வளவாகக் கேட்டதில்லை. அதே இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களுக்கு வேலை கொடுக்கப்பட்டது! மதீனாவின் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் பெரும்பணி. பெருமானார் வெளியூர் சென்ற காலங்களில் பலமுறை நகரத்தின் பொறுப்பும் அவர்களிடமே விடப்பட்டது. அதிலும் எந்த பாங்கு? வைகறைப் பாங்கு. கீழ்வானம் வெளுப்பதைக் கண்ணால் கண்டு சொல்லவேண்டிய பாங்கைக் கண்ணில்லாதவர் சொன்னார்கள். எப்படி? விடிந்துவிட்டது என்று பக்கத்திலிருந்தவர்கள் அவர்களுக்குச் சொல்வார்கள். அதன் பின் பாங்கு ஒலிக்கும்.

யோசித்துப் பாருங்கள்! கண்ணில்லை என்று வேலையை எடுத்துவிடவில்லை. வேலைக்குத் தேவையான கண்ணை மற்றவர்கள் இரவல் கொடுத்தார்கள். நாமோ, கணக்கு முழுவதும் தலையில் வைத்திருந்த மனிதருக்கு, சில்லறை எண்ணித் தர ஒரு பையனைப் பக்கத்தில் நிறுத்தியிருக்கலாம். அது நமக்குத் தோன்றவில்லை. ஊழியர்கள் நம் சகோதரர்கள் என்றும், அவர்கள் சக்திக்கு மீறியதைச் சுமத்தலாகாது என்றும், சுமத்தினால் நாமும் கைகொடுக்கவேண்டும் என்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்குப் போதித்ததை எத்தனை மேடைகளில் எடுத்துரைத்திருப்போம்!

கடைகளில் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. நின்று செய்யும் வேலைக்கு ஒரு முக்காலி. கொதிக்கும் எண்ணெயிடமிருந்தும், பரண் ஏறும் ஏணியிலிருந்தும் அவரை விலக்கி வைத்தல். வண்டி ஓட்டுபவராயின் வைத்தியரைக் கேட்காமல் சாவி கொடாதிருத்தல். வாசற்படியில் கால் ஒட்டி நிற்பவருக்குத் தரையில் குறுக்காகச் சில கோடுகள் ஒட்டிவைத்தால், கோட்டைத் தாண்டுவதாக எண்ணி எளிதில் அடியெடுத்து வைப்பார். இது பலருக்குப் பலன் தருகிறது. மருந்து நன்றாக வேலை செய்யும் மணிநேரங்களில் கணக்கு வேலை, மற்ற நேரத்தில் ஓய்வு. தொழுகைக்காகப் பெட்டியடியை விட்டு எழுந்துபோகும் நமக்கு, ஒருவர் மாத்திரை விழுங்க அரை நிமிடம் விடுவதா பெரிது?

தே தாரிக் இழுப்பவருடைய கை நடுங்கினால் என்ன செய்வது என்று உணவகச் சகோதரர் ஒருவர் நம்மிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அந்த வேலையை அவர் செய்ய முடியாமற் போகலாம்; உண்மையை மறைப்பதில் பயனில்லை. ஆனால் கடையில் அந்த ஒரு வேலைதானா இருக்கிறது? சரக்குக்குச் சொல்லி அனுப்புவது, இருப்பைப் பார்ப்பது, புதிய பையன்களைப் பழக்குவது, இவற்றுக்கெல்லாம் இருபது வருட அனுபவத்தை எங்கே போய் வாங்குவது?

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. மலேசியாவில் 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் வேலை பெறும் உரிமையைச் சொல்கிறது. உடற்குறை நிலைத்துவிட்டவர்கள் சமூக நல இலாகாவில் பதிவு செய்து அட்டை பெறலாம். சந்தா செலுத்திய தொழிலாளிக்கு, வழக்கமான வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கையும் ஈட்ட முடியாத நிலை வந்துவிட்டால், நிபந்தனைகளுக்குட்பட்டு பெர்க்கேசோ நிறுவனத்தில் உடல்நலிவு ஓய்வூதியம் உண்டு. நோயுற்றவர்களை மீண்டும் வேலையில் அமர்த்த உதவும் திட்டம் ஒன்றையும் அந்நிறுவனம் 2007 முதல் நடத்தி வருகிறது. சந்தாவை ஒழுங்காகச் செலுத்தாத முதலாளியின் ஊழியருக்கு இவையெல்லாம் கிடைப்பது பெரும்பாடு என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறோம். வைத்தியத்துக்கு முதலில் அரசாங்கச் சுகாதார நிலையம் சென்று, அங்கிருந்து கடிதம் பெற்று, ஜொகூர் பாருவில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம். குடிமக்களுக்குக் கட்டணம் மிகச் சொற்பம். கோலாலம்பூரில் இந்நோயாளிகளுக்கென்றே மலேசியப் பார்க்கின்சன் சங்கம் இருக்கிறது. பெர்மிட்டில் வந்த தமிழகத்துச் சகோதரர்களுக்கு இந்த வசதிகளில் பல எட்டா. அவர்கள் விஷயத்தில் முதலாளியின் பொறுப்புக் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. ஊருக்கே திரும்பினாலும், இந்தியாவின் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பார்க்கின்சன் நோயைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

இந்த நோயோடு உழைத்தவர்களில் உலகறிந்தவர் குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலி. 1975 ஜூலை முதல் நாள் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் ஜோ பக்னருடன் அவர் மோதியதை நம் பெரியவர்கள் இன்றும் பேசுகிறார்கள். 1980-இல் சென்னைக்கும் வந்து நேரு அரங்கில் காட்சிப் போட்டி ஆடினார். 1984-இல், 42 வயதில், அவருக்கு இந்த நோய் என்று தெரிந்தது. அவர் வீட்டில் ஒடுங்கவில்லை. 1990-இல், பேச்சுத் தாழ்ந்து கை நடுங்கிய நிலையில் பாக்தாத் சென்று, அங்கே பிணையாகப் பிடித்துவைக்கப்பட்டிருந்த அமெரிக்கர்கள் 15 பேரை மீட்டு அழைத்து வந்தார். அந்தப் பயணத்தில் அவருடைய மாத்திரை தீர்ந்துபோய் மிகவும் அவதிப்பட்டார் என்பது பலர் அறியாத செய்தி. 1996-இல் அட்லாண்டாவில் அவர் ஒலிம்பிக் தீபம் ஏற்றியபோது இடக்கை ஆடிக்கொண்டே இருந்தது; உலகம் முழுவதும் பார்த்தது; அவர் அதை மறைக்க முயலவில்லை. 2016 ஜூன் 3-ஆம் நாள் இறைவனடி சேரும்வரை 32 ஆண்டுகள் இந்நோயோடு வாழ்ந்தார். அலி அவர்களைப் புகழ்ந்து பேசிய நாமே, பெட்டியடியில் ஆடிய கையைப் பார்த்து முகஞ்சுளித்தோம்.

பள்ளிவாசலைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொடர்ந்து மூன்று அசைவுகள் தொழுகையை முறிக்கும் என்று ஷாஃபிஈ மத்ஹபில் படித்துவிட்டு, கை நடுங்குபவரிடம் போய் உம் தொழுகை கூடாது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதைக் கேட்டு ஜமாஅத்துக்கே வராமல் நின்றுவிட்டவர்களும் உண்டு. தன் வசமின்றி நேரும் நடுக்கம் அந்தக் கணக்கில் சேராது என்று அதே மத்ஹபின் இமாம்கள் எழுதியிருக்கிறார்கள். ஐயமிருந்தால் ஆலிமிடம் கேட்டுத் தெளியுங்கள். ஸுஜூதிலிருந்து எழ முடியாதவருக்கு நாற்காலி போடுங்கள். ரமலானில் வேளைதோறும் மாத்திரை வேண்டியவர் நோன்பு வைக்கலாமா என்பதை முதலில் வைத்தியரிடம் கேட்கவேண்டும். கூடாதென்றால், தீராத நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகை இருக்கிறது; ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளித்தால் போதும். அவர் பகலில் மாத்திரை விழுங்குவதைக் கண்டு ஏளனமாகப் பார்க்கவேண்டாம்.

நம் பெட்டியடிக்காரருடன் தொலைபேசியில் பேசினோம். மன்னிப்புக் கேட்டோம். அடியாருக்கு இழைத்த தீங்கை அடியாரே மன்னிக்கவேண்டும் அல்லவா? குரல் மிகத் தாழ்ந்து வந்தது. பாதி காதில் விழவில்லை. மகன் வாங்கி, அத்தா சிரிக்கிறார்கள், முகத்தில் தெரியாது, ஆனால் சிரிக்கிறார்கள் என்று சொன்னார்.

அவருடைய மருந்துச் செலவை மாதந்தோறும் அனுப்பத் தொடங்கியிருக்கிறோம். இதை ஸகாத்தில் கழித்துக்கொள்ளலாமே என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். பட்ட கடனை ஸகாத்தால் அடைக்க முடியாது. ஆகவே தர்மக் கணக்கில் எழுதாமல், அவர் பெயர் இருந்த பழைய சம்பள ஏட்டிலேயே, கடைசிக் கையொப்பத்துக்குக் கீழே எழுதி வருகிறோம்.